நூற்று நாற்பத்தொன்றும் தொண்ணூற்றேழும்

விருத்தாசலம்
14-7-1974

மதிப்புக்குரிய மச்சான் சம்சுதீன் அவர்களுக்கு, தங்கள் தங்கை ஜைத்தூனின் கணவன் அப்துல் லத்தீப் ஸலாம் கூறி எழுதுவது. அல்லாஹ் அருளால் இங்கே யாருக்கும் காய்ச்சல், தலைவலி இல்லை. மெட்ராசில் தாங்களும் அவ்வண்ணமே இருக்க துஆ செய்கிறோம். நிற்க.

எங்கள் மகள் அஜீஸாவின் பள்ளி விண்ணப்பத்தில் எந்த எண்ணை எழுதுவது, ஜனவரியில் வந்த நூற்று நாற்பத்தொன்றா, ஜூனில் வந்த தொண்ணூற்றேழா என்று கேட்டிருந்தீர்கள். ஐந்தே மாதத்தில் நாலு வயதுப் பிள்ளைக்கு நாற்பத்துநாலு புத்தி எங்கே போனது என்றும் கேட்டிருந்தீர்கள். நான் ஒன்றும் விற்றுத் தின்றுவிடவில்லை மச்சான்.

நடந்ததை ஒளிக்காமல் சொல்கிறேன். ஜனவரியில் தாங்கள் அனுப்பிய புரபசர் ஆதிநாராயணன் கலர் கட்டைகளைக் கொட்டி, அட்டையில் இருப்பது போல அடுக்கச் சொன்னார். அவர் கடிகாரத்தைப் பார்ப்பதற்குள் அடுக்கிவிட்டாள். ஐ.க்யூ. நூற்று நாற்பத்தொன்று என்றார். அன்றே தெரு முழுக்க ஜீனி கொடுத்தேன். தங்கள் தங்கை பாதாம் ஊறவைத்தாள். தாங்களோ, நூற்று முப்பதுக்கு மேல் இருந்தால் கெட்டிக்காரப் பிள்ளைகளின் பள்ளியில் இடம் உண்டு, பிள்ளை எங்களோடு தங்கிப் படிக்கட்டும் என்று எழுதினீர்கள். அப்போதிலிருந்து வூட்டுல வேறு பேச்சே கிடையாது. என்னோடு வேலை செய்யும் பாவாடை தினமும், “பாய், இன்னிக்கி மழ வருமான்னு பாப்பாவ கேட்டு சொல்லுங்க” என்று உயிரை எடுத்தான்.

பள்ளிக்காரர்கள் இன்னொரு முறை பார்க்கச் சொன்னதால் புரபசர் ஜூனில் மறுபடி வந்தார். பிடியில்லாத டீ கோப்பைப் படத்தைக் காட்டி, இதில் என்ன குறைகிறது என்றார். அஜீஸா, “ஒண்ணும் கொறையல. பிடி ஒட்டுற அம்சவல்லி அக்கா இன்னும் வரல” என்றாள். அவர் தப்பு என்று போட்டார். எங்கள் செராமிக் ஷெட்டில் பிடியில்லாத கோப்பை பலகை பலகையாகக் காய்கிறது, பிள்ளை தினம் பார்க்கிறது, அதில் என்ன தப்பு? வானத்தில் என்ன தெரியும் என்றார். “பொகை” என்றாள். அதுவும் தப்பாம். எங்கள் சூளைக் குழாய்க்குக் கீழே வந்து நின்று பார்க்கட்டும், தெரியும்.

ஆனால் மச்சான், இரண்டு வாரமாக ஒன்று உறுத்துகிறது. பிள்ளை உட்காரப் பழகிய நாளிலிருந்து உடைந்த ஓட்டுத் துண்டுகளை அடுக்கித்தான் விளையாடுகிறது. அப்படியானால் ஜனவரியில் அடுக்கியது புத்தியா, பழக்கமா? நூற்று நாற்பத்தொன்று வந்தபோது நான் அதைக் கேட்கவில்லை. தொண்ணூற்றேழு வந்த பிறகுதான் கேள்வியே வருகிறது. வெட்கமாக இருக்கிறது. கோப்பையைச் சுண்டிப் பார்த்து, நல்லது இது, விரிசல் இது என்று பிரிப்பதுதான் பதினோரு வருஷமாக என் வேலை. ஆனால் சூளையிலிருந்து வந்ததைத்தான் சுண்டுவோம். சூளையில் வேகாத பச்சைக் கோப்பையைச் சுண்டினால் சத்தம் வராது, விரல்தான் பதியும். இது தெரிந்த நானே என் பிள்ளையை இரண்டு தடவை சுண்டக் கொடுத்திருக்கிறேன்.

இருந்தாலும் இடம் கைநழுவிப் போகக் கூடாதல்லவா? ஆகவே வருகிற ஞாயிறு புரபசரை மூன்றாம் முறை அழைத்து வாருங்கள். கோப்பை என்றால் பிடி, வானம் என்றால் சூரியன் என்று காலையும் மாலையும் சொல்லிக்கொடுத்து வருகிறேன்.

மச்சிக்கு எங்கள் ஸலாம். பிள்ளைகளுக்கு நீண்ட ஆயுளும் நிறைந்த ஈமானும் கிடைக்க துஆ.

தங்கள் அன்பு மறவாத,
அப்துல் லத்தீப்

பின்குறிப்பு: புரபசரை அழைத்து வர வேண்டாம். கவரை ஒட்டப் போகும்போது அஜீஸா வந்து, யாருக்குக் கடுதாசி என்றாள். “மாமாவுக்கு. நீ இந்தத் தடவை பிடின்னு சரியா சொல்லிருவேன்னு எழுதியிருக்கேன்” என்றேன். அவள், “போன தடவையே பிடி இல்லன்னு எனக்குத் தெரியும் அத்தா. சரியா சொன்னா மெட்ராசுக்கு அனுப்பிருவீங்கல்ல?” என்றாள். கடுதாசியை மறுபடி வெளியே எடுத்து இதை எழுதுகிறேன் மச்சான். விண்ணப்பத்தில் தொண்ணூற்றேழு என்றே எழுதிவிடுங்கள். பிள்ளை இங்கேயே இருக்கட்டும்.