யார் தொட்டது?

வீட்டில் ஒரு பொருள் வேலை செய்யாமல் நின்றுவிட்டால் மனிதர்கள் இரண்டு கூட்டமாகப் பிரிந்துவிடுகிறார்கள். "என்ன ஆச்சு?" என்று கேட்பது ஒரு கூட்டம். சாதுவான ஜனங்கள், பிழைத்துப் போகட்டும். "யார் தொட்டது?" என்று கேட்பது இன்னொரு கூட்டம். தொட்டவரைத் தேடும் இந்த இனத்தைத்தான் இன்று உங்களுக்கு அறிமுகம் செய்துவைக்கப் போகிறேன். அறிமுகமே வேண்டாம், எங்கள் வீட்டிலேயே ஒன்று உலவுகிறது என்கிறீர்களா? உஷ், மெதுவாகப் பேசுங்கள். காதில் விழுந்தால் அடுத்த விசாரணை உங்கள் மேல்தான்.

இவரை அடையாளம் காண்பது சுலபம். மிக்ஸி ஓடவில்லையா? மிக்ஸியைப் பார்க்கமாட்டார், வீட்டில் இருப்பவர்களின் முகத்தைப் பார்ப்பார். "நேத்து நல்லாத்தானே இருந்துச்சு" என்பது பல்லவி. "தானா எப்படிக் கெடும்?" என்பது அனுபல்லவி. "நான் திட்டமாட்டேன், உண்மையைச் சொன்னாப் போதும்" என்று சரணத்துக்கு வரும்போது, ஒன்றும் செய்யாதவனுக்கே ஏதோ செய்துவிட்டோமோ என்று சந்தேகம் வந்துவிடும். தெரு முழுக்க மின்சாரம் போயிருந்தாலும் சரி, கடைசியாக ஸ்விட்சில் கை வைத்தது யார் என்று தெரியாமல் மெழுகுவத்தி ஏற்ற விடமாட்டார். பழுது என்றால் அவருக்கு ஒரு குற்றம். குற்றம் என்றால் குற்றவாளி வேண்டாமா?

என் அக்காவின் வீட்டுக்காரர் இந்த இனத்தில் உயர்ந்த ரகம். அத்தானுக்குத் தணிக்கை அலுவலகத்தில் வேலை. பிறர் எழுதிய கணக்கில் தப்புக் கண்டுபிடிக்கச் சம்பளமும் கொடுத்து, அந்தப் பழக்கத்தை வீட்டுக்கும் இலவசமாக அனுப்பிவைத்திருக்கிறார்கள்.

அவர் வீட்டு டிவிக்கு இணையம் வயரில்தான் வரும். "காத்துல வர்றதை நம்பலாமா மாப்ளே? வயர்ல வர்றதுதான் கெட்டி" என்பது அத்தானின் கொள்கை. ரௌட்டர் படுக்கையறையில், டிவி கூடத்தில். நடுவே நீல நிற வயர் ஒன்று கட்டிலுக்கு அடியில் தவழ்ந்து, அலமாரிக்குப் பின்னால் நுழைந்து, கதவிடுக்கில் நசுங்கி, சுவரோரமாக ஊர்ந்து டிவியின் முதுகில் போய் ஏறும். அது வந்த நாளிலிருந்து படுக்கையறைக் கதவு முழுசாகச் சாத்தியதில்லை. யாரும் அதைத் தொடக்கூடாது என்பது வீட்டுச் சட்டம். பெருக்கும்போது துடைப்பம்கூட ஒரு முழம் விலகித்தான் போகும்.

அக்காவின் பெரிய மகள் நீச்சல்காரி. வெளியூரில் நடந்த பெரிய போட்டியில் இறுதிச் சுற்றுக்கு வந்துவிட்டாள். விடியற்காலையில் துண்டும் பிளாஸ்கும் எடுத்துக்கொண்டு நீச்சல் குளத்தின் ஓரத்தில் வருஷக்கணக்காக உட்கார்ந்து அவளை இந்த இடத்துக்குக் கொண்டுவந்தவள் அக்கா. இந்த நேரம் பார்த்து அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்து, முழங்கால் வரைக்கும் மாவுக்கட்டு. போக முடியவில்லை. டிவியில் நேரலையாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். "அம்மா, நீ பாக்கறேன்னு நெனச்சுக்கிட்டுத்தான் குதிப்பேன்" என்று மகள் முந்தின நாளே போனில் சொல்லியிருந்தாள். போட்டி மொத்தமே ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே. கண்ணைக் கசக்கினால் பாதி போய்விடும்.

என்னையும் பார்க்க வரச் சொல்லியிருந்தார்கள். அக்கா ஸ்டூலில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, நல்ல புடவை கட்டி உட்கார்ந்திருந்தாள். அத்தான் டிவியைப் போட்டார். "இணைய இணைப்பு இல்லை. வயரைச் சரிபார்க்கவும்" என்றது திரை.

டிவியே வயரைப் பார்க்கச் சொல்லுகிறது. அத்தான் எங்களைப் பார்த்தார்.

"யாரு தொட்டது?"

"யாருங்க அதைத் தொடப் போறா?" என்றாள் அக்கா.

"உன்னைச் சொல்லல. பொதுவாக் கேக்கறேன்." பொதுவாகக் கேட்டவரின் பார்வை மாவுக்கட்டில் போய் நின்றது.

"எழுந்து நிக்கவே எனக்கு ரெண்டு பேர் வேணும். நான் எங்க போய்த் தொட?"

"கால்தானே உடைஞ்சிருக்கு" என்றார் அத்தான்.

கல்லூரியில் படிக்கும் சின்னவள் குறுக்கிட்டாள். "அப்பா, நேரமாயிடுச்சுப்பா. இப்போதைக்குப் போன்லயே பாத்துடலாம்."

"போன்ல பாக்கறதுக்கா இவ்வளவு பெரிய டிவி வாங்கினேன்? இங்க குடு அதை." சின்னவளின் போன் போயிற்று. அதிலிருந்து இணையக் கம்பெனிக்குப் பேசினார். "உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம்" என்று ஒரு பெண் குரல் திரும்பத் திரும்பச் சொல்லி, நடுநடுவே வீணை வாசித்தது. டிவிக்குப் பின்னால் இருட்டாக இருக்கிறது என்று வெளிச்சத்துக்கு அக்காவின் போனை வாங்கி அங்கே சாத்தி வைத்தார். திரையில் வந்த பிழை எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று தேட என் போன். அவருடைய போன்? அது தடயங்களைப் படம் எடுக்க. இப்படியாக, போட்டியைக் காட்டக்கூடிய அத்தனை கருவிகளும் போட்டியைக் காட்டாத ஒரே கருவியின் சேவையில் இறங்கின.

பிறகு ரௌட்டரை அணைத்துப் போட்டார். அறை வாசலில் நின்றபடியே சுவர் ஸ்விட்சைத் தட்டினாரே ஒழிய, உள்ளே போய்க் குனிந்து பார்க்கவில்லை. குற்றவாளி தெரியாமல் அவர் ஏன் குனிய வேண்டும்? அடுத்து டிவியை அணைத்துப் போட்டார். அப்புறம் ரிமோட்டில் எதையோ அழுத்தி அழுத்தி, கடைசியில் "எல்லா அமைப்புகளையும் அழிக்கவா?" என்று டிவி பயந்துபோய்க் கேட்க, "அழி" என்றார். அது அன்றுதான் பிறந்த குழந்தையாகி, "வணக்கம், உங்கள் மொழியைத் தேர்ந்தெடுக்கவும்" என்றது. அத்தான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மொழியைத் தேர்ந்தெடுத்தார்.

"என்னங்க, ஒரே ஒரு போனைக் குடுங்க. அவ குதிக்கிற நேரம்."

"இரு, ஒரு நிமிஷம்."

அந்த ஒரு நிமிடம்தான் அங்கே தண்ணீரில் ஓடிக்கொண்டிருந்தது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஆனாலும் அக்கா வீட்டுக்காரர் ஆயிற்றே, கையிலிருப்பதைப் பிடுங்கவா முடியும்? அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் டிவியைப் பார்க்கவில்லை, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பொறுக்கமாட்டாமல் சின்னவள் படுக்கையறைக்குப் போய்க் கட்டிலுக்கு அடியில் தவழ்ந்தாள். "அப்பா, ரௌட்டர்லேருந்து வயர் கழண்டு தொங்குது!" என்று அங்கிருந்தே கத்தினாள். "சுருட்டிக் கட்டி வச்சிருக்கு. இறுக்கிக் கட்டினதுல இழுத்துக்கிட்டு வந்துடுச்சு. இந்தக் கட்டு யாருப்பா போட்டது?"

நாங்கள் எல்லோரும் அத்தானைத் திரும்பிப் பார்த்தோம். போன ஞாயிற்றுக்கிழமை அத்தான் வயர்களையெல்லாம் ஒழுங்கு செய்து, புத்தம்புதுப் பிளாஸ்டிக் பட்டை போட்டுக் கட்டி, "எப்படி இருக்கு பாருங்க" என்று குடும்பத்தையே கூப்பிட்டுக் காட்டியிருந்தார். அந்த வயரைத் தொட அந்த வீட்டில் வேறு யாருக்கு உரிமை உண்டு? சின்னவள் பட்டையை வெட்டி வயரைச் செருகினாள்.

அத்தான் முகம் மலர்ந்தது. "பாத்தியா மாப்ளே? நான் அப்பவே சொன்னேன்ல, யாரோ தொட்டிருக்காங்கன்னு!"

டிவி இப்போது கடவுச்சொல் கேட்டுக்கொண்டிருந்தது. அதன் முதுகுக்குப் பின்னால் அக்காவின் போன் அடித்தது. எடுத்துக் கொடுத்தேன்.

"அம்மா..." என்றாள் பெரியவள். அதற்குமேல் அழுகைதான் கேட்டது.

ஜெயித்து அழுகிறாளா, தோற்று அழுகிறாளா? அக்கா எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தாள். எங்களில் யாருக்குத் தெரியும்?

"பாத்தியாம்மா?"

"பாத்தேன் கண்ணு."

"திரும்பும்போது கால் வழுக்கிடுச்சே, பாத்தியா?"

"பாத்தேன். எனக்கு உசுரே போயிடுச்சு."

"நான் விடலம்மா அப்புறமும்."

"நீ விடமாட்டேன்னு எனக்குத் தெரியாதா? நீ குதிச்சதே எனக்கு நெறஞ்சு போச்சு." வாழ்த்துக்கும் பொருந்தி ஆறுதலுக்கும் பொருந்தும்படி அக்கா ஒவ்வொரு வார்த்தையாகப் பொறுக்கிப் பொறுக்கி வைத்தாள். நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது.

மூன்றாவதாக வந்திருந்தாள். மேடையில் ஏறிப் பதக்கமும் வாங்கியிருக்கிறாள். எங்களுக்கு அது தெரிந்தது போன் வைத்த பிறகுதான்.

வீட்டுக்கு யார் வந்தாலும் அத்தான் இப்போது அந்தப் போட்டியின் பதிவைப் போட்டுக் காட்டுகிறார். "தண்ணி தெறிக்கிறது எவ்வளவு தெளிவாத் தெரியுது பாருங்க. காத்துல வந்தா இப்படி இருக்குமா?" அந்த நேரத்தில் அக்கா மட்டும் கட்டுக் காலை இழுத்துக்கொண்டு உள்ளே போய்விடுகிறாள். இன்றுவரை அவள் அதைப் பார்க்கவில்லை. பார்த்துவிட்டேன் என்று மகளிடம் சொன்னவள் மறுபடி எதற்குப் பார்க்க வேண்டும்? எனக்குத்தான் வயிறு எரிகிறது.

இந்தக் கட்டுரையின் முதல் இரண்டு பத்தியை மட்டும் அத்தானுக்கு வாசித்துக் காட்டினேன். கண்ணில் நீர் வரச் சிரித்தார். "எங்க ஆபீஸ்ல ஒருத்தர் இருக்கார் மாப்ளே. அச்சு அசல் அவரேதான்! எப்படித் தெரிஞ்சுது உனக்கு?" என்றார்.

நீங்களும் அந்த இடத்தில் யாரோ ஒருவரை நினைத்துத்தானே சிரித்தீர்கள்? சிரியுங்கள், தப்பில்லை. அவர் கையிலும் இந்தப் புத்தகம் கிடைத்திருக்கலாம். அவர் இந்நேரம் யாரை நினைத்துச் சிரிக்கிறாரோ, அதைக் கொஞ்சம் விசாரித்து வையுங்கள்.