பிழை திருத்தும் பிள்ளை

கொசுவைப் போல எல்லா ஊரிலும் கிடைக்கிற ஓர் உயிரினத்தை இன்று உங்களுக்கு அறிமுகம் செய்கிறேன். பெயர், ஞாபகத் திருத்தர். வயதானவர்கள் பழங்கதை பேசுகிற இடமெல்லாம் இவர் வாழிடம். அவர்கள் சொல்லும் வருடம், கிழமை, யாரோ உடுத்தியிருந்த சேலையின் நிறம், பெய்த மழையின் அளவு எல்லாம் இவருக்கு இரை. கடிப்பார். ஆனால் பாசத்தோடு கடிப்பார்.

நான் அறிந்த திருத்தர் ஒரு கணக்குத் தணிக்கையாளர். முதியோர் இல்லத்தில் இருக்கும் அம்மாவைப் பார்க்க ஞாயிறு தவறாமல் பழப்பையோடு போய்விடுவார். அம்மா ஒரு காலத்தில் தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டர். இல்லத்து நர்ஸ் அவருக்குத் தலைவாரிவிட்டபடியே அந்த நாட்களைப் பற்றிக் கேட்பார். பேசிய அன்றெல்லாம் அம்மா இரண்டு வாய் கூடுதலாகச் சாப்பிடுவார்.

"அன்னிக்குப் புயல். பாதி லைன் போச்சு. நான் ஒருத்திதான் டியூட்டில..."

"புயல் இல்லம்மா, சாதா மழை" என்றார் திருத்தர்.

"நீ அங்க இருந்தியாடா?"

"நான் அப்ப பொறக்கவே இல்ல. அப்பா சொல்லியிருக்காரு."

பிறக்கவே இல்லையாம்; சாட்சி சொல்ல மட்டும் வந்துவிட்டார்! அதோடு விட்டாரா? செல்போனை எடுத்து அந்த வருடத்து வானிலையைத் தேட ஆரம்பித்தார். அம்மா தலையைக் குனிந்துகொண்டு நர்ஸிடம் சொன்னார்.

"எனக்கு ஒண்ணும் ஞாபகமில்லம்மா. அவனையே கேட்டுக்கோ."

அன்று சாப்பாட்டுத் தட்டு அப்படியே திரும்பிப் போனது. திருத்தர் அரண்டுபோய்த் தங்கைக்குப் போன் செய்தார்.

"அம்மாவுக்கு மறதி முத்திடுச்சு போலிருக்கு."

"மறதியும் இல்ல, ஒண்ணும் இல்லண்ணா. நீ வந்தாலே பரீட்சை ஹால்ல உக்காந்த மாதிரி இருக்காம். என்கிட்டயே சொன்னாங்க."

அடுத்த ஞாயிறு மனிதர் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"புயல்ல தனியா இருந்தீங்களே, பயமா இல்லையாம்மா?" என்று நர்ஸ் கேட்டார்.

அம்மா மகனை ஓரக்கண்ணால் பார்த்தார். அவர் பழம் உரிப்பதில் மும்முரமாக இருந்தார். அம்மா மெல்ல ஆரம்பித்தார்.

"பயந்துதான் போனேன். அப்ப ஒருத்தர் லைன்ல வந்தாரு. கேட்ட நம்பர் கிடைக்கலன்னேன். பரவால்ல, உங்க குரல் நடுங்குதே, மழை விடுற வரைக்கும் பேசிட்டிருக்கேன்னாரு."

"யாரும்மா அவரு?"

"இவங்கப்பாதான். பெரியவங்க பார்த்து முடிச்ச கல்யாணம்னு பிள்ளைங்ககிட்ட சொல்லி வச்சோம். புயலைச் சாதா மழை ஆக்கினதும் அவருதான். வெட்கம்!"

திருத்தரின் வாய் திறந்தது. ஆதாரம் கேட்கப்போகிறார் என்று நர்ஸ் பயந்தார். வந்தது ஒரே சொல்.

"அப்புறம்?"

அம்மா தட்டைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு தொடர்ந்தார்.

சிரிக்கிறீர்கள். நல்லது. ஆனால் வேலை நேரத்தில் ஓர் ஆபரேட்டர் வெளியாளோடு அவ்வளவு நேரம் பேச விதி இடம் கொடுத்திருக்காதே என்று சற்று முன் உங்கள் நாக்கு துறுதுறுத்ததா? அப்படியானால், உங்கள் வீட்டிலும் யாரோ பாதிக் கதையோடு நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.