எருசலேம் கடைத்தெருவும் ஒரு கூடை நாட்டுக்கோழி முட்டையும்

தொல்லியல் படித்தவனிடம் மைக்கைக் கொடுக்கவே கூடாது. உடைந்த பானை ஓட்டைப் பற்றியே நாள் முழுக்கப் பேசுவான். அதிலும் பெண் வீட்டார் எதிரில் என்றால் கேட்கவே வேண்டாம்.

நான் மல்லாங்கிணற்றுக்காரன். காதலித்த ஸ்டெல்லாவுக்குத் திருச்சுழிப் பக்கம். எங்கள் வீட்டில் கருப்பசாமி, அவர்கள் வீட்டில் இயேசுசாமி. "வேதத்தப் பத்தி இவுகளுக்கு என்ன தெரியும்?" என்று இழுத்த அவள் அப்பா, விளைச்சலைக் காணிக்கையாகப் படைத்து ஏலம் விடும் அறுப்புப் பண்டிகையன்று சபையில் என்னைப் பேசச் சொன்னார். (மாப்பிள்ளை வேலைக்கு நேர்முகத் தேர்வு!)

பழைய எருசலேமின் கடைத்தெருக்களில் ஆய்வாளர்கள் தோண்டியெடுத்ததைச் சொன்னேன். கல் பாவிய வீதி, அதன் அடியில் சாக்கடை, எடைக்கற்கள். "ஆண்டவரு நம்ம அருப்புக்கோட்டை பஜார் மாதிரி, பேரம் பேசுற சத்தத்துக்கு நடுவுலதான் நடந்திருக்காரு. விசுவாசத்தைக் கோயிலுக்குள்ளயே பூட்டி வச்சிரக் கூடாது" என்றேன். ஸ்டெல்லாவின் அப்பா தலையாட்டினார். அதோடு உட்கார்ந்திருக்கலாம்.

பின்வரிசையில் ஒருவர் கொட்டாவி விட்டார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

"கோயிலுக்குள்ள கடை போட்ட காசு மாத்துறவுக மேசைய ஆண்டவரு எப்படிக் கவுத்தாரு தெரியுமா? இப்படித்தான்!"

பக்கத்திலிருந்த மேசையைச் சும்மா சாய்த்துக் காட்டத்தான் நினைத்தேன். அது முழுதாகவே சாய்ந்துவிட்டது. ஏலத்துக்கு வந்த காணிக்கையெல்லாம் அதன்மேல்தான் இருந்தது: முட்டைக் கூடை, வாய் கட்டாத மிளகாய் வற்றல் மூட்டை, கால் கட்டிய சேவல்கள்.

முட்டைகள் உடைந்தன. சேவல்கள் வற்றல்மேல் விழுந்து சிறகடித்தன. மிச்சத்தை ஃபேன் பார்த்துக்கொண்டது. சபையே தும்மியது. ஜெபிக்க வாயைத் திறந்த போதகர் தும்மி மூடிக்கொண்டார்.

"தம்பி, ஆண்டவரு மேசையத்தான் கவுத்தாரு" என்றார் ஸ்டெல்லாவின் அப்பா, மூக்கைப் பொத்தியபடி. "புறா வித்தவுககிட்ட, அதுகள எடுத்துட்டுப் போங்கன்னு வாயாலதான் சொன்னாரு."

கல்யாணம் போயே போச்சு என்று நினைத்தேன். மண்டியிட்டு இரு கையாலும் வற்றலை அள்ளினேன். வியர்த்தது. அதே கையால் கண்ணைத் துடைத்தேன்.

அதற்குப் பிறகு எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. தாரை தாரையாகக் கண்ணீர். மேலே யாரோ தண்ணீரை ஊற்றினார்கள். ஸ்டெல்லாவின் அப்பா குரல்தான், தழுதழுத்தது.

"அழுகாதீக மாப்பிள்ள. இம்புட்டு மனங்கசந்து அழுகுற பிள்ளைக்குப் பொண்ணத் தராம இருப்பமா?"

கல்யாணம் நடந்தது. அவர் இன்றுவரை அதை மனந்திரும்புதல் என்றே சாட்சி சொல்லி வருகிறார். ஸ்டெல்லாவுக்கு மட்டும் உண்மை தெரியும். வீட்டில் சண்டை முற்றி, நான் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு மன்னிப்புக் கேட்க வந்தால், அடுக்களையிலிருந்து அவள் குரல் வரும்:

"கண்ணுல ஒண்ணும் காணோமே. வத்தல் எடுத்தாரவா?"