டீக்கன் பாடிய கடைசிப் பாட்டு

இதில் வரும் ஒவ்வொரு வார்த்தையும் சத்தியம். பைபிள் மேல் கை வைத்தே சொல்லியிருக்கலாம். ஆனால் அப்படிக் கை வைத்துப் பொய் சொன்ன ஆட்களை எங்கள் டென்னசி மலைப்பக்கம் நிறையப் பார்த்தாகிவிட்டது. அதனால் டீக்கன் என்கிற அந்த வெள்ளை வேட்டைநாயின் தலை மேல் கை வைத்துச் சொல்வதாக வைத்துக்கொள்ளுங்கள்.

டெல்பர்ட் பிரீசரைத் திறந்து வைத்துக்கொண்டு, இன்றைக்கு எந்தக் கேசரோலைச் சுடவைக்கலாம் என்று நின்றபோது ராய்ஸின் டிரக் வாசலில் வந்து நின்றது. கிறிஸ்துமஸுக்கு முன்னால் டெல்பர்ட்டின் மனைவி ஆர்லீன் செத்தபோது, சர்ச்சுப் பெண்கள் துக்க வீட்டு வழக்கப்படி, கோழியும் நூடுல்ஸும் சீஸும் சேர்த்து வேகவைத்த கேசரோல் ஆளுக்கொரு தட்டு கொண்டுவந்து இறக்கினார்கள். ஆகஸ்ட் வந்தும் தீரவில்லை. சவப்பெட்டி பக்கத்தில் நின்று ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல், வந்தவர்களிடம் "கார் நிறுத்த இடம் கிடைச்சுதா?" என்று விசாரித்த மனிதர் அவர். கல்லுளிமங்கன் என்று பேசிக்கொண்டேதான் தட்டுகளையும் நீட்டினார்கள்.

"பேப்பர் பார்த்தியாடா?" என்று ராய்ஸ் உள்ளே வந்தார்.

போசம் ரிட்ஜ் பாய்ஸ் என்ற நாட்டுப்புற இசைக் குழுவின் பாடகர் ராய்ஸ். டெல்பர்ட் ஸ்டீல் கிட்டார்: மேஜை மாதிரி நான்கு கால் வைத்து, இரும்புத் துண்டால் கம்பியை இழுத்து அழ வைக்கிற வாத்தியம். டிரம் அடிப்பவர் ஓடெல். 'பாய்ஸ்' என்ற பெயருக்கு ஏற்ப, குழுவிலேயே சின்னப் பையனான ஓடெலுக்கு எழுபத்தொன்று. பல வருஷ மௌனத்துக்குப் பிறகு அப்போதுதான் ஓர் ஆல்பம் வெளியிட்டிருந்தார்கள்.

"உன் குரல் துருப்பிடிச்ச கேட்டுன்னு போட்டிருக்கான்" என்று அதன் விமர்சனத்தை டெல்பர்ட் வாசித்தார். "ஓடெலை ஒவ்வொரு பாட்டு முடிவுலயும் யாரோ தட்டி எழுப்பினாங்களாம்."

"அதெல்லாம் நியாயம்தான். கீழ படி."

கீழே, கடைசிப் பாட்டில் ஏதோ ஒரு மிருகம் மெல்லச் சாகிறது, கருணை உள்ளவர் யாராவது அதைச் சுட்டிருக்கலாம் என்று இருந்தது. இன்னொரு பேப்பரில், அந்த ஓர் ஊளைக்காகவே மற்றப் பாட்டுகளை எல்லாம் மன்னித்துவிடலாம் என்று எழுதியிருந்தார்கள்.

"நம்ம பாட்டுல ஊளை ஏதுடா?"

இருவருக்குமே தெரியாது. சொந்த ஆல்பத்தைக் கேட்டால் சொந்த வயசு தெரிந்துவிடும் என்பதால் குழுவில் யாரும் அதைக் கேட்கவில்லை. டிரக்கில் உட்கார்ந்து போட்டுப் பார்த்தார்கள். கடைசிப் பாட்டு, செத்துப்போன பெண்ணின் காபிக் கோப்பை கழுவாமல் கிடப்பதைப் பற்றி. நடுவில், ஸ்டீல் கிட்டாருக்கு அடியிலிருந்து அது எழுந்தது. நீளமாக, அடிவயிற்றிலிருந்து.

ராய்ஸ் தொப்பியைக் கழற்றிவிட்டார். "ரெக்கார்டிங் அன்னிக்கு நீ எங்க உக்காந்திருந்தே?"

ஓடெலின் புகையிலைக் கொட்டகையில்தான் பதிவு செய்தார்கள். ஸ்டீலின் சத்தம் பாடகரின் மைக்கில் விழக்கூடாதென்று டெல்பர்ட்டைப் பின்னால் சோளம் போடுகிற அறையில் தள்ளிக் கதவைச் சாத்தியிருந்தார்கள்.

"சோள ரூம்ல. அன்னிக்கு அந்தத் தூசியில எனக்குத் தொண்டையே போயிடுச்சு."

"கூட யாரு இருந்தா?"

"யாருமில்லடா. நான், டீக்கன்."

இருவரும் மெல்லத் திரும்பி வராந்தாவைப் பார்த்தார்கள். டீக்கன் சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தது.

அது ஆர்லீனின் நாய். அவள் காலால் பலகைத் தரையை ஒரு மிதி மிதித்தால் ஓடி வரும். டெல்பர்ட் தொண்டை கிழியக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்காது. "அவ போனதுக்கு என்னைத்தான் குத்தம் சொல்லுது" என்பார்.

அதற்குள் நாஷ்வில்லிலிருந்து ரெக்கார்டு கம்பெனிப் பெண் கேண்டிஸ் போன் பண்ணினாள். "மிஸ்டர் டெல்பர்ட், சனிக்கிழமை தியேட்டர்ல அந்த ஊளை வேணும். வந்துச்சுன்னா வருஷம் பூரா ஊர் ஊரா டூர். வரலைன்னா, மன்னிச்சுக்குங்க, அதான் கடைசி ஷோ."

டெல்பர்ட் போனை வைத்துவிட்டு வீட்டைப் பார்த்தார். டூர் இல்லையென்றால் அவருக்கு மிச்சம் பிரீசரும், முகம் கொடுக்காத ஒரு நாயும்.

"ஊளையிட வச்சிடலாம்" என்றார்.

முதலில் டீக்கனுக்கு ஆல்பத்தையே போட்டுக் காட்டினார்கள். அது கொட்டாவி விட்டது. ஓடெல் வந்து, தானே ஊளையிட்டுக் காட்டினார். பக்கத்துப் பண்ணை நாய்கள் எல்லாம் சேர்ந்துகொண்டன, டீக்கனைத் தவிர.

"எனக்குப் புரிஞ்சுபோச்சு" என்றார் ஓடெல். "கடைசிப் பாட்டுல ராய்ஸு சுருதி விட்டான். அதான் பாவம், தாங்க முடியாம கத்தியிருக்கு."

"நீ வாயை மூடு."

"கோவிச்சுக்காம சுருதி இல்லாம ஒரு தடவை பாடேன்டா. உனக்கு அது கஷ்டமா?"

கஷ்டமாகத்தான் இருந்தது. பேப்பரைப் படித்த அவமானத்தில் ராய்ஸ் சர்ச்சு பாடகர் குழு டீச்சரிடம் ரகசியமாகப் பாடம் கேட்கப் போயிருந்தார். வாழ்நாளில் முதன்முறையாக அவர் குரல் சுருதியில் நின்றது. எவ்வளவு முக்கியும் பிசகவில்லை.

"ஐம்பது வருஷமா வேண்டாம் வேண்டாம்னோம், பிசகுனே" என்று ஓடெல் தலையில் அடித்துக்கொண்டார். "இப்ப வேணும்கிறோம், தேவதூதன் மாதிரி பாடுறே!"

கடைசியாக லஞ்சம். சனிக்கிழமை நாஷ்வில் போகிற வழியில் டெல்பர்ட் துக்கக் கேசரோல் ஒரு தட்டு முழுக்க டீக்கனுக்குக் கொடுத்தார். கோழி, நூடுல்ஸ், சீஸ், எட்டு மாச ஐஸ். வழியில் லெபனான் என்கிற சின்ன ஊரைத் தாண்டியதும் டீக்கன் அத்தனையையும் ராய்ஸின் மேடைத் தொப்பியில் திருப்பிக் கொடுத்தது.

"இந்தத் தொப்பி இல்லாம நான் மேடை ஏறினதே இல்லடா!"

"ஏறு. வழுக்கையில வெளிச்சம் நல்லா அடிக்கும்."

மேடையில் ஸ்டீல் கிட்டாருக்கு அடியில் டீக்கனின் கூண்டை வைத்து, மேலே ஆர்லீன் தைத்த ஒட்டுப்போர்வையைப் போர்த்தினார்கள். தியேட்டர் நிறைந்திருந்தது. பாதிப் பேர் ஊளையைக் கேட்க வந்தவர்கள், மீதிப் பேர் அதைத் திட்ட வந்தவர்கள்.

கடைசிப் பாட்டுக்கு விளக்கெல்லாம் அணைந்து, ராய்ஸின் வழுக்கை மேல் மட்டும் வெளிச்சம் விழுந்தது. டெல்பர்ட் இருட்டில் குனிந்து போர்வையைத் தூக்கிப் பார்த்தார். டீக்கன் தூங்கிக்கொண்டிருந்தது.

"எழுந்திருடா" என்று கெஞ்சினார். "அவளுக்காகவாவது."

அது காதைக்கூட ஆட்டவில்லை.

தொப்பி இல்லாத பயத்தில் ராய்ஸுக்குச் சுருதி தானாகவே போயிற்று. பாட்டில் கோப்பை வந்தது. சமையலறை ஜன்னல் வந்தது. டெல்பர்ட் கண்ணை இறுக மூடி, நெற்றி கம்பியில் படும் அளவுக்குக் கவிழ்ந்து இரும்பை இழுத்தார். போர்வையில் ஆர்லீனின் சோப்பு வாசனை இன்னும் இருந்தது. அவ்வளவுதான் அவருக்கு நினைவு.

அப்போது அது வந்தது.

ஆல்பத்தில் இருந்ததைவிட நீளம். முன்வரிசையில் ஒரு போலீஸ்காரர் முகத்தைப் பொத்திக்கொண்டார். திட்ட வந்தவர்கள் எழுந்து நின்றார்கள். டெல்பர்ட் கண்ணைத் திறந்தபோது தியேட்டர் அதிர்ந்துகொண்டிருந்தது, அவர் சட்டைக் காலர் நனைந்திருந்தது.

"பாடிடுச்சா?" என்று கேட்டார். குரல் எழும்பவில்லை. மேடைப் புகையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

பின்னாலிருந்த ஓடெல் அவரை வெகுநேரம் பார்த்தார். "பாடிடுச்சுடா" என்றார் மெதுவாக, வழக்கமான கிண்டல் இல்லாமல்.

மறுநாள் பேப்பர்கள் மறுபடியும் இரண்டுபட்டன. டூர் மட்டும் உறுதியாயிற்று.

திங்கட்கிழமை டெல்பர்ட் டீக்கனைத் தூக்கிக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் போனார். புதிதாக வந்த பெண். ஆர்லீன் நாயைக் காட்டிக்கொண்டிருந்த டாக்டர் ஓய்வு பெற்றுவிட்டார்.

"வயித்தைப் பாருங்கம்மா" என்றார் கரகரத்த குரலில். "அதைவிட முக்கியமா தொண்டையைப் பாருங்க. நான் இழுக்கிற கம்பிக்குப் பதில் சொல்லிப் பாடுற நாய் இது. வருஷம் பூரா பாடணும்."

அவள் வயிற்றை அமுக்கினாள், தொண்டையைப் பார்த்தாள். பிறகு நாயின் தலைக்குப் பின்னால் போய் ஓங்கிக் கை தட்டினாள். இரும்புத் தட்டு ஒன்றை எடுத்துத் தரையில் போட்டாள். மேஜை மேல் டீக்கன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு சொன்னாள்:

"வயிறு சரியாயிடும் சார், ஆனா இது பிறவிச் செவிடு, உங்க கம்பி ஒரு நாளும் இதுக்குக் கேட்டிருக்காது, தொண்டை புண்ணாகியிருக்கிறது உங்களுக்குத்தான்."