ஷாமிளா அழவில்லை என்பதற்கு இரண்டு கோடுகள்

யட்டியாந்தோட்டை,
செவ்வாய்க்கிழமை.

மதிப்புக்குரிய மச்சான் ஏழுமலை அவர்களுக்கு மாடசாமி எழுதிக்கொள்வது. உங்கள் தங்கை ஜெயம்மா, மகள் ஷாமிளா, நான் மூவரும் மாரியம்மன் தயவில் சுகம், கண்ணைத் தவிர. அங்கே அக்காவும் மருமகன் கிருஷாந்தும் கண் உட்படச் சுகமாக இருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் மகனுக்குப் பெண் கேட்டுப் பரிசத் தட்டோடு வந்து, தட்டை மாற்றாமலே திரும்பிப் போனது எனக்குச் சோறு இறங்காத விஷயம். தேத்தண்ணி கொண்டுவந்த பிள்ளையின் கண்ணைப் பார்த்துவிட்டு, "புள்ள அழுதிருக்கு மச்சான், கட்டாயப்படுத்தாதீங்க" என்றீர்கள். அழவில்லை, அது நோய் என்று நான் சொன்னதை நீங்கள் நம்பவில்லை. நீங்கள் இறங்கிப் போனதும் ஜெயம்மா வாசலில் வேப்பிலை கட்டி, அம்மன் வந்திருக்கு என்று தாளிக்காத குழம்பு வைத்தாள். அடுத்த காம்பிராவில் குடியிருக்கும் ரோசம்மா கண்ணில் தாய்ப்பால் விடச் சொன்னாள். தாய்ப்பாலுக்கு நான் எங்கே போறது? திங்கட்கிழமையும் பிள்ளைக்குக் கண் சிவப்பாகவே இருந்தது. அழுத கண் மறுநாளும் சிவந்திருக்குமா, நீங்களே சொல்லுங்க. பஸ் ஏறி டவுன் டொக்டர் மாத்தையாவிடம் கூட்டிப்போனேன். அவர் என் கண்ணையும் பார்த்தார். ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடுகிறவன் கண் சிவக்காமல் வேற எப்படி இருக்கும் என்றேன். கேட்காமல் இரண்டு பேருக்கும் கீழ் இமையில் பஞ்சு வைத்து ஒற்றி, ஆளுக்கொரு வெள்ளைப் பிளாஸ்டிக் பெட்டியில் விட்டார். கொரோனாவுக்கு மூக்கில் குடைந்தார்களே, அதே மாதிரிப் பெட்டி. ஒரு கோடு என்றால் இல்லை, இரண்டு கோடு என்றால் அடினோ வைரஸ், கண்ணோய்.

கொஞ்ச நேரத்தில் வெளியே வந்து, ஒருவருக்கு இரண்டு கோடு, மற்றவருக்கு ஒன்று, துவாயைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள் என்று சிங்களத்தில் சொன்னார். சிங்களம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. யாருக்கு இரண்டு என்று கேட்பானேன், தெரிஞ்ச விஷயம்தானே. பெட்டிகளைக் கேட்டு வாங்கி வந்தேன். பஸ்ஸில் ஷாமிளா முகத்தை ஜன்னல் பக்கமே திருப்பிக்கொண்டு வந்தாள், பாவம், நோய்க் களைப்பு.

அந்த இரண்டு கோட்டுப் பெட்டியைப் பொலித்தீனில் சுற்றி இத்துடன் அனுப்புகிறேன். கையால் தொடாமல் பாருங்கள். பார்த்துவிட்டுத் தேதி குறியுங்கள். அக்காவுக்கு வணக்கம், மருமகனுக்கு ஆசி.

இப்படிக்கு,
மாடசாமி

பி.கு. கவரை ஒட்டப் போகையில் ஷாமிளா பெட்டியைத் திருப்பிக் காட்டினாள். பின்பக்கம் யாருடைய பெட்டி என்று டொக்டர் பெயர் எழுதியிருக்கிறார், சிங்களத்தில். எனக்குப் பேசத்தான் வரும், வாசிக்க வராது என்று உங்களுக்குத் தெரியுமே. அதில் இருப்பது என் பெயராம். அவளுடையது ஒரு கோடுதான். அப்புறம் ஏன்மா கண்ணு செவந்துச்சு என்றேன். "கிருஷாந்த் நல்லவருதாம்ப்பா. கட்டிக்கத்தான் மனசு வரல்ல" என்றாள். ஞாயிறு ராத்திரியும் அழுதிருக்கிறாள் மச்சான், பக்கத்தில் படுத்திருந்தும் எனக்குத் தெரியவில்லை. மனசு கேக்கல. வாசலில் உங்களைக் கட்டிப்பிடித்துத்தான் வழியனுப்பினேன், ஆகையால் உங்களுக்குக் கண் உறுத்தினால் அது என்னால்தான். பெட்டியை அனுப்பவில்லை. கண் ஆறினதும் எல்லோரும் வழக்கம்போல வாங்க, தட்டு மட்டும் வேண்டாம்.