நாலு விரல் இடைவெளி

தெருவின் இடது பக்கத்தில் ஒரு அங்குலத்தைக்கூட விட்டுக்கொடுப்பதில்லை என்று ரிவர்ஸ் மாஸ்டர் சபதம் போட்டபோது காலை மணி ஆறே முக்கால். வாயில் பிரஷ் இருந்ததால் சபதம் நுரையோடு வந்தது.

"விட மாட்டேன்! யாருக்கும் விட மாட்டேன்!"

"முதல்ல வாயக் கொப்பளிங்க. அப்புறம் விடாதீங்க," என்றார் அவர் மனைவி டீச்சர், அடுப்படியிலிருந்து.

விஷயம் இதுதான். நாற்பது வீடுகள் உள்ள அந்தக் குறுகலான தெருவில் கார்கள் எல்லாம் இடது பக்கம் வரிசையாக நிற்கும். அந்த வரிசையை எடுத்துவிட்டு அங்கே சைக்கிள் பாதை போடலாமா என்று நகராட்சி நோட்டீஸ் அனுப்பியிருந்தது. பாதை வந்தால் கார்கள் தெருக்கோடியில் தண்ணீர் தொட்டிக்குப் பக்கத்துக் காலி மனைக்குப் போக வேண்டும். வீட்டிலிருந்து இருநூறு அடி. தெருக்காரர்கள் கூட்டம் போட்டு வாக்கெடுக்கட்டும், முடிவு எதுவானாலும் எங்களுக்குச் சம்மதம் என்று நகராட்சி கையைக் கழுவிவிட்டது.

மாஸ்டருக்கு அந்த இருநூறு அடி சாதாரண அடி அல்ல. இருபத்திரண்டு வருஷமாக டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். முன்னால் ஓட்ட யாருக்கும் சொல்லிக்கொடுக்கலாம், மனுஷனின் தரம் ரிவர்ஸில்தான் தெரியும் என்பது அவர் கொள்கை. முன்னால் நாலு விரல், பின்னால் நாலு விரல் இடம் இருந்தால் போதும், காரைக் கொண்டுபோய் அழகாகச் செருகிவிடுவார். ஒரே மூச்சில், ஒரு தடவை கூட முன்னே எடுக்காமல். அதைப் பார்க்கப் பால்கனிக்கு வந்து நிற்கிறவர்கள் உண்டு, நியாயமாகவே வந்து நிற்பார்கள். அந்தக் கார் வாசலுக்கு நேரே நிற்க வேண்டும். சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தபடி அதை அவர் பார்க்க வேண்டும்.

அவரிடம் ஒரே ஒரு குறை. அவரிடம் படித்தவர்களுக்கு, அவர் பின்னால் நின்று குரல் கொடுத்தால்தான் கார் நிறுத்த வரும். அந்தத் தெருவில் இருந்த மற்ற பதினாறு கார்க்காரர்களும் அவர் மாணவர்கள். சாயங்காலம் வீடு திரும்பியதும் அவர் வாசலில் ஹாரன் அடிப்பார்கள். தட்டில் வைத்த கையை உதறிக்கொண்டு மாஸ்டர் ஓடுவார்.

"வா, வா, வா... லெஃப்ட்ல ஒடி... இன்னும் ஒடி... நேராக்கு... போதும்! போதும்னா போதும்!"

இதைக் குறை என்று அவர் நினைத்ததே இல்லை. பெருமை என்று நினைத்தார்.

டீச்சர் கணக்கு வாத்தியார். ஆனால் பள்ளிக்கூடத்தில் அவருடைய உண்மையான புகழ் டைம்டேபிள் போடுவதில். நாற்பத்திரண்டு வகுப்பு, அறுபது ஆசிரியர்கள், ஒரே ஒரு லேப். யாரும் யார்மேலும் முட்டிக்கொள்ளாமல் ஒரு வருஷத்தை ஒரே தாளில் போட்டுக்கொடுத்துவிடுவார். ஒரு ஆள் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருக்க முடியாது என்ற ஒரு உண்மையை வைத்துக்கொண்டு இருபது வருஷம் பள்ளிக்கூடத்தையே ஆட்டிவைத்தவர்.

அவர் பள்ளிக்கூடம் சைக்கிளில் பத்து நிமிஷம். பஸ்ஸில் முக்கால் மணி, நடுவில் ஒரு பஸ் மாற வேண்டும். போன வருஷம் ஆசையாக ஒரு நீல சைக்கிள் வாங்கினார், முன்னால் கூடை வைத்தது. மூன்றாவது நாள், நின்றுகொண்டிருந்த ஒரு காரின் கதவு படாரென்று திறந்தது. முழங்கையில் ஏழு தையல். அன்றிலிருந்து சைக்கிள் பின்வராந்தாவில் நிற்கிறது. அதன்மேல் துண்டு காய்கிறது.

கதவைத் திறந்தவர் மாஸ்டர்.

"இறங்குறதுக்கு முன்னாடி பின்னாடி பாருங்க" என்று ஒவ்வொரு மாணவருக்கும் முதல் வகுப்பிலேயே தொண்டை கிழியக் கத்துகிற மாஸ்டர். ஆஸ்பத்திரியில் தையல் போட்டபோது டீச்சர் அழவில்லை, அவர்தான் விசும்பி விசும்பி அழுதார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அந்த நிகழ்ச்சிக்கு 'அந்தக் கதவு' என்று பெயர். யார் திறந்தது என்று யாரும் சொல்வதில்லை. சைக்கிள் ஆபத்தானது என்று மாஸ்டர் ஒரு முடிவுக்கு வந்தார். டீச்சர் வேறு ஒரு முடிவுக்கு வந்தார்.

"சரி, நோட்டீஸப் பத்தி நீ என்ன நினைக்கிற?" என்று கேட்டார் மாஸ்டர், வாய் கொப்பளித்த பிறகு.

"எனக்குப் பாதை வேணும். பத்து நிமிஷத்துல ஸ்கூலுக்குப் போகணும்."

"அதுக்கு ஏம்மா பாதை? நான் கொண்டுபோய் விடறேன்."

"எப்போ?"

"ஸ்டூடண்ட் யாரும் வராத அன்னிக்கு."

"அது ஞாயித்துக்கிழம."

"ஆமா."

"ஞாயித்துக்கிழம ஸ்கூல் கிடையாதுங்க."

மாஸ்டர் நோட்டீஸைக் கையில் எடுத்தார். பிறகு, "தெருவுல சைக்கிள் ஓட்டுறவங்க மொத்தம் ஒன்பது பேரு. ஒன்பது பேருக்காகப் பதினேழு கார நகத்துறதா? வயசானவங்க மூட்டையத் தூக்கிட்டு இருநூறு அடி நடக்கறதா? நியாயமா சொல்லு!" என்றார்.

"வயசானவங்க வாசல்ல ஏத்தி இறக்கிட்டு அப்புறம் கொண்டுபோய் நிறுத்தலாம். ஒன்பது பேரு ஏன் ஒன்பது பேராவே இருக்காங்கன்னு கேளுங்க. பத்தாவது ஆள் பின்வராந்தாவுல துண்டு காய வெச்சிட்டு இருக்கேன்."

அத்தோடு விவாதம் முடிந்தது. மாஸ்டர் களத்தில் இறங்கினார். வீடு வீடாக ஏறினார். ஒரே வாரத்தில் நாற்பதில் இருபத்து நாலு வீட்டு ஆண்களிடம் வாக்கு வாங்கிவிட்டார். எதிர்வீட்டு வக்கீல் அவருக்கு வலது கை. கோர்ட்டில் எப்படியோ, காரைப் பின்னால் எடுப்பதில் அவரைப் போல மோசமானவர் அந்தத் தெருவில் இல்லை.

டீச்சர் எந்த வீட்டுக்கும் ஓட்டுக் கேட்டுப் போகவில்லை. வழக்கம்போலச் சாயங்காலம் தெருப் பெண்களோடு அரைமணி நேரம் நடந்துவிட்டு வந்தார். நடக்கிறவர்கள் பேசத்தானே செய்வார்கள்.

தெருச் சங்கத்துக்கு மாஸ்டர்தான் செயலாளர். கூட்ட விதிகளை எழுத வேண்டியிருந்தது. அவர் கையெழுத்து அவருக்கே புரியாது.

"நீ எழுதிக் குடுக்கறியா?"

"எழுதறேன். நான் உங்க கட்சி இல்ல. ஆனா கூட்டம் ஒழுங்கா நடக்கணும், அது எனக்கும் முக்கியம்."

அந்த நேர்மையில் மாஸ்டர் நெகிழ்ந்தே போனார்.

"எழுது. ஒரு வீட்டுக்கு ஒரு ஓட்டு."

"புருஷன் பொண்டாட்டிக்குள்ள ஒத்துவரலன்னா?"

மாஸ்டர் மீசைக்குள் சிரித்தார். அவருக்கு இருந்த ஒரே பயம் அதுதான். அதற்கு மருந்தும் வைத்திருந்தார். "வீட்டுல யாரு முதல்ல வந்து கையெழுத்துப் போடறாங்களோ அவங்க ஓட்டுதான் அந்த வீட்டு ஓட்டு."

"நல்ல ரூல். அடுத்தது?"

"சரியா அஞ்சு மணிக்குக் கதவு மூடப்படும். அதுக்கப்புறம் யார் வந்தாலும் உள்ள விடறதில்ல. சைக்கிள்காரங்க மூச்சு வாங்கிக்கிட்டு அஞ்சேகாலுக்கு வருவாங்க, பாரு!"

"அப்புறம் ரூல மாத்தக் கூடாது."

"என் அப்பனே வந்தாலும் மாத்த மாட்டேன்!"

"எங்க வெச்சுக்கலாம்? நூலக ஹால் ஞாயித்துக்கிழம காலியா இருக்கும். கண்ணாடிக் கதவு, நல்ல காத்தோட்டம். இங்கேருந்து ஒரு கிலோமீட்டர்தான்."

"போட்டுரு!"

டீச்சர் முத்து முத்தாக எழுதினார். எழுதிக்கொண்டே கேட்டார். "கார்க்காரங்க இத்தன பேரு இருக்காங்கன்னு கூட்டத்துல பாக்கறவங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

மாஸ்டர் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். "ஊர்வலம்! பதினேழு காரும் ஒண்ணு பின்னால ஒண்ணா, லைட்டப் போட்டுக்கிட்டு! நம்ம பலம் தெரிய வேண்டாமா?"

"அத்தன காரையும் எங்கங்க நிறுத்துவீங்க? நூலகத்துச் சந்துல பன்னெண்டுக்கு மேல நிக்காதே."

இதை டீச்சர் கேட்டார். கேட்கத்தான் செய்தார். பின்னால் யாரும் அவர்மேல் குற்றம் சொல்ல முடியாது.

"யாரப் பாத்து என்ன கேள்வி கேக்குற?" என்றார் மாஸ்டர், இரண்டு கைகளையும் இடுப்பில் வைத்துக்கொண்டு.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அன்று காலை துண்டுகள் கொடியில் காய்வதை மாஸ்டர் பார்த்தார். பார்த்தார், அவ்வளவுதான்.

"எத்தன மணிக்குக் கிளம்பலாம்?"

"நாலரைக்குக் கிளம்பினா போதும். நாலு நிமிஷப் பாதைதானே?"

"நீயும் ஏறு."

"நான் தனியா வந்துக்கறேன். நீங்க தலைவரு, முன்னாடி போங்க."

வக்கீலும் வந்து சொன்னார். "எங்க வீட்லயும் கார்ல வரலயாம் மாஸ்டர். நிம்மதி!" பதினேழு வீட்டிலும் அதே நிம்மதி. ஊர்வலம் கிளம்பியது.

நூலகத்துச் சந்தின் ஒரு முனையில் சுவர். மாஸ்டர் தன் காரை முதலில் கொண்டுபோய்ச் சுவரோடு ஒட்டி நிறுத்தினார். இறங்கினார். திரும்பிப் பார்த்தார். பதினாறு கார்கள் ஹாரன் அடித்தன.

அடுத்து நடந்ததை நேரில் பார்த்தவர்கள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். பன்னிரண்டு கார் நிற்கிற சந்தில் மாஸ்டர் பதினேழு காரை நிறுத்தினார். ஒவ்வொன்றுக்கும் பின்னால் போய் நின்றார், ஓடினார், குனிந்தார், விரலை வைத்து அளந்தார். "ஒடி! ஒடி! நேராக்கு!" என்று அந்தச் சந்தே அதிர்ந்தது. வழியில் போகிறவர்கள் நின்றார்கள். ஏழாவது கார் உள்ளே போனபோது யாரோ கைதட்டினார்கள். கைதட்டலைக் கேட்டுவிட்டு எந்தக் கலைஞன் கடிகாரத்தைப் பார்ப்பான்? மற்றவர்களாவது உள்ளே போயிருக்கலாம். ஆனால் பதினேழும் எப்படித்தான் நிற்கப்போகிறது என்று பார்க்காமல் போக யாருக்கும் மனசு வரவில்லை. கடைசியில் வக்கீலின் கார். முதல் தடவை கோணலாகப் போயிற்று. மாஸ்டர் அதை வெளியே எடுக்கச் சொன்னார். இரண்டாவது தடவை செருகினார். நாலு விரல் இடைவெளி!

பதினேழு பேரும் ஜெயித்தவர்களைப் போல ஹாலுக்கு நடந்தார்கள். கண்ணாடிக் கதவு சாத்தியிருந்தது. மணி ஐந்து பன்னிரண்டு.

உள்ளே வரிசை வரிசையாகப் பெண்கள். வக்கீல் வீட்டம்மா முதல் வரிசையில். மேடையில் தலைமை தாங்கிய பல் டாக்டரம்மா ஏதோ சொன்னார். கைகள் உயர்ந்தன. ஏழு தையல் போட்ட முழங்கை எல்லாவற்றுக்கும் முன்னால் உயர்ந்தது.

"டாக்டரம்மா! நாங்க வந்துட்டோம்!" மாஸ்டர் கண்ணாடியைத் தட்டினார்.

பல் டாக்டரம்மா எழுந்து வந்தார். கதவைத் திறக்கவில்லை. விதித் தாளை உள்பக்கமிருந்து கண்ணாடியில் ஒட்டிக் காட்டினார். முத்து முத்தான கையெழுத்து. கீழே மாஸ்டரின் கிறுக்கல்.

"வக்கீல் சார், நீங்க ஏதாவது சொல்லுங்களேன்!"

வக்கீல் எல்லா விதிகளையும் இரண்டு தடவை படித்தார். "ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க மாஸ்டர். ஒரு ஓட்டை இல்ல."

பார்க்கிங் வேண்டும் என்கிறவர்கள் கை தூக்கலாம் என்று உள்ளே சொன்னது லேசாகக் கேட்டது. வெளியே பதினேழு கைகள் உயர்ந்தன. உள்ளே எட்டு. பல் டாக்டரம்மா உள்ளே இருந்ததைத்தான் எண்ணினார். இருபத்தொன்பதுக்கு எட்டு. சைக்கிள் பாதை ஜெயித்தது.

கூட்டம் கலைந்தது. டீச்சர் நீல சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவரிடம் வந்தார்.

"அஞ்சு எட்டுக்கு முடிப்பீங்கன்னு நினைச்சேன். பாதைக்கு நாலு, வண்டிக்கு ரெண்டு நிமிஷம். பன்னெண்டு ஆயிடுச்சே! வக்கீல் வண்டிய ரெண்டு தடவ போட்டீங்களா?"

மாஸ்டருக்குக் கோபம் தொண்டைவரை வந்தது. அங்கேயே நின்றது. டீச்சர் ஒரு பொய் சொல்லவில்லை. ஒரு விதியை மீறவில்லை. விதி அவருடையது, ஊர்வலம் அவருடையது. ஒரு வார்த்தை இங்கே, ஒரு வார்த்தை அங்கே என்று லேசாக ஒடித்து ஒடித்து, அவரைச் சரியாகக் கொண்டுவந்து ஒரு கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிறுத்தியிருக்கிறார். ஒரே மூச்சில், எங்கேயும் உரசாமல். இவ்வளவு சுத்தமான பார்க்கிங்கை அவர் தம் வாழ்நாளில் பார்த்ததில்லை. இப்படிப்பட்ட ஒருத்தியோடு இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறோமே என்று அவருக்கு உடம்பு சிலிர்த்தது.

"பிரமாதம்மா," என்றார். மனசாரத்தான் சொன்னார்.

"வாங்க, வீட்டுக்குப் போலாம். கார எடுங்க."

மாஸ்டர் சந்தைப் பார்த்தார். அவர் கார் சுவரோரத்தில். அதற்கு முன்னால் நாலு விரல் விட்டு ஒரு கார், அதற்கு முன்னால் நாலு விரல் விட்டு இன்னொன்று, இப்படிப் பதினாறு. கடைசிக் காரின் சாவியோடு வக்கீல் தம் மனைவியைத் தேடிக்கொண்டு போய்விட்டார்.

"கேரியர்ல ஏறுங்க," என்றார் டீச்சர்.

"தெருவே பாக்கும்மா."

"பால்கனியில நின்னு பாக்கறது அவங்களுக்குப் பழக்கம்தானே?"

மாஸ்டர் ஒருபக்கமாக உட்கார்ந்தார். இருபத்திரண்டு வருஷத்தில் முதல்முறையாக, ஸ்டியரிங்கை யாரோ பிடிக்க, வாயைத் திறக்காமல் வந்தார். சைக்கிள் ஆடாமல் போயிற்று. காற்று நன்றாகத்தான் இருந்தது.

வாசல் வந்தது. மாஸ்டர் அவசரமாக ஒரு காலைக் கீழே வைக்கப் போனார்.

"இருங்க," என்றார் டீச்சர், திரும்பாமலே. "இறங்குறதுக்கு முன்னாடி பின்னாடி பாருங்க."