குழல் சாமி வாய் திறந்தார்

எங்கள் பக்கத்தில் வயிற்றுவலிக்கு மூன்றே காரணங்கள். நாத்தனார், ஓரகத்தி, பக்கத்து வீட்டுக்காரி. கிருமி, குடல், சாக்கடை கலந்த குடிதண்ணீர் என்பதெல்லாம் படித்தவர்கள் பொழுது போகாமல் சொல்வது. இந்த மூவரில் யாரோ ஒருத்தி சோற்றில் மருந்து வைத்துவிட்டாள். அது குடலில் ஒட்டிக்கொண்டது. அதை உறிஞ்சி எடுக்க உலகத்திலேயே ஒருவர்தான் இருந்தார். அவர் குழல் சாமி.

செவ்வாயும் வெள்ளியும் கல்வராயன் மலை அடிவாரத்துக்குப் போகிற பஸ்ஸில் நிற்க இடம் கிடைக்காது. கோமுகி அணைக்குப் போகும் சாலையில் ஒரு நிறுத்தம். அதற்கு அரசாங்கம் ஏதோ பெயர் வைத்திருந்தது. கண்டக்டர் அதை மறந்து பல காலம் ஆகியிருந்தது. "வயித்துவலியெல்லாம் எறங்கு" என்பார். பாதி பஸ் காலியாகும்.

மலையிலிருந்து மரவள்ளி மூட்டைமேல் உட்கார்ந்து வருவார்கள். மூங்கில்துறைப்பட்டிலிருந்து கரும்பு டிராக்டரில் வருவார்கள். திருநாவலூரிலிருந்து காரில் வருவார்கள். எல்லாரும் ஒரே வரிசை. வயிறு விஷயத்திலாவது மாவட்டத்தில் சமத்துவம் வந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். ஊர்க்காரர்களுக்குப் பித்தளைக் குழல். எங்களைப் போன்ற காலனிக்காரர்களுக்கு மூங்கில் குழல். உள்ளேயிருந்து வருகிற மருந்து மட்டும் இரண்டு பேருக்கும் ஒன்றேதான்.

சாமியின் சொந்தப் பெயர் கந்தசாமி. முன்பு சந்தைகளில் காது அழுக்கு எடுத்துக்கொண்டிருந்தார். காதுக்குள்ளிருந்து கடலைக்கொட்டை அளவுக்குக் கல் எடுத்துக் காட்டுவாராம். அப்புறம் தொழிலை இரண்டு முழம் கீழே இறக்கிக்கொண்டார். வயிற்றில் இடம் ஜாஸ்தி.

வைத்தியம் இப்படி நடக்கும். நோயாளி பாயில் படுக்க வேண்டும். சாமி எழுந்து பூஜை அறைக்குள் போய் உத்தரவு வாங்கி வருவார். ஒவ்வொரு ஆளுக்கும் தனி உத்தரவு. வெளியே வந்ததும் மௌன விரதம். குழலின் ஒரு முனையை வயிற்றில் வைத்து, மறுமுனையில் வாய் வைத்து, கன்னம் குழிய உறிஞ்சுவார். கண் பிதுங்கும். பிறகு வாழையிலையில் துப்புவார். முடிச் சுருள், மீன் முள், எலுமிச்சைத் தோல் எல்லாம் விழும். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். சாமி ஒரு இளநீர் குடித்து வாய் கொப்பளித்துவிட்டு, அடுத்த உத்தரவுக்கு எழுந்து போவார்.

மருந்து வைத்தது யார் என்பதையும் சாமி சொல்வார், சைகையில். அதை மொழிபெயர்க்கத் தெய்வசிகாமணி என்று ஒருவன் இருந்தான். ஒரு விரலைத் தூக்கினால் பெண். இடது கையை நீட்டினால் இடது பக்கத்து வீடு. இடது பக்கம் வீடே இல்லாதவர்கள் திரும்பி நின்று பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

சர்க்கரை ஆலையில் வேலை பார்த்த ராஜாங்கம் என்பவர் பரம்பரைச் சைவம். முட்டைக்கடை இருக்கிற தெருவில்கூட நடக்க மாட்டார். அவர் வயிற்றிலிருந்து மீன் முள் வந்தது. அவர் மனைவி, எந்த வீட்டில் சாப்பிட்டீர்கள் என்று கேட்டு, பதில் வராததால் பேச்சை நிறுத்திவிட்டார். கடைசியில் ராஜாங்கமே, தெரியாமல் எங்காவது சாப்பிட்டிருப்பேன் என்று ஒப்புக்கொண்டார். சாமி பொய்யராவதைவிடத் தான் மீன் தின்றவனாவது மேல் என்று தோன்றியிருக்கிறது. பல் முளைக்காத ஒரு குழந்தையின் வயிற்றிலிருந்து முறுக்குத் துண்டு வந்தது. அது எப்படி வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. எந்தக் கடை முறுக்கு என்றுதான் விசாரித்தார்கள்.

சிரிப்பாகத்தான் இருக்கிறது. எனக்கும் சிரிப்பு வந்துகொண்டிருந்தது, என் கணவர் பழனிக்கு வலி வருகிறவரை.

வலது பக்க அடிவயிற்றில் வலி. சுகாதார நிலையத்துக்குத்தான் முதலில் போனோம். அங்கே டாக்டரின் நாற்காலி இருந்தது. நாற்காலிமேல் ஒரு துண்டு இருந்தது. டாக்டர் வேறு இரண்டு ஊர்களுக்கும் சேர்த்து ஒரே ஆள் என்று நர்ஸ் சொன்னார். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். பஸ் போய்விட்டிருந்தது. குழல் சாமி மட்டும் பக்கத்திலேயே இருந்தார், விடியற்காலையிலிருந்து. வயிற்றைத் தொட்டும் பார்த்தார். அதையும் சொல்ல வேண்டும். எங்கள் வயிற்றைத் தொட்டுப் பார்த்த ஒரே ஆள் அவர்தான்.

பழனியின் வயிற்றிலிருந்து நீளமான முடிச் சுருள் வந்தது. சாமி ஒரு விரலைத் தூக்கினார். என் மாமியார் குஞ்சம்மாள் சுருளைப் பிரித்து என் பின்னலோடு வைத்துப் பார்த்தாள். மகனைத் தாயிடமிருந்து பிரிக்க மருமகள் வைத்த மருந்து என்று முடிவாயிற்று. மறுநாள் பழனிக்கு வலி சட்டென்று நின்றது. சாமிக்கு ஒரு சேவல் கொண்டுபோய்க் கொடுத்தோம். அன்று மாலையே பழனிக்குக் காய்ச்சல் ஏறி, வயிறு பலகையாக இறுகி, ஆஸ்பத்திரியில் சேர்த்த கொஞ்ச நேரத்தில் அவர் போய்விட்டார். குடல்வால் வெடித்துவிட்டது என்றார்கள்.

என் மாமியார் இதை வேறு விதமாகப் புரிந்துகொண்டாள். சாமியிடம் இருந்தவரை மகன் உயிரோடு இருந்தான். ஆஸ்பத்திரிக்குப் போனான், செத்தான். ஆகவே கொன்றது ஆஸ்பத்திரி, மருந்து வைத்தது நான்.

வருஷம் திரும்புவதற்குள் பழனியின் தங்கை எழில்மதிக்கு வலி வந்தது. அதே வலது பக்கம், அதே அடிவயிறு. ஆஸ்பத்திரி என்று வாயெடுத்தேன். மருந்து வைத்தவள் பேச்சு எடுபடுமா? எழில்மதி கள்ளக்குறிச்சியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தவள். அம்மாவை எதிர்த்துப் பேசித் தெம்பைத் தீர்த்துக்கொள்ள அவள் விரும்பவில்லை. சாமியிடம் வருகிறேன், ஆனால் மருந்து வந்தாலும் வராவிட்டாலும் அப்படியே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும் என்றாள். சாமி எடுத்த பிறகு ஆஸ்பத்திரி எதற்கு என்றாள் மாமியார். ஆட்டோ வைத்துக்கொண்டு போனோம்.

வெள்ளிக்கிழமை. வரிசை ரோடு வரை நின்றது. எழில்மதி என் தோளில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சாமியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜாக்கெட் துணியை இடுப்பில் செருகிக்கொண்டு நழுவுகிறவர்களைக் கடையில் பார்த்துப் பழகிய கண் அது.

"அண்ணி, உள்ள போவும்போது கன்னம் ஒட்டிகினு இருக்குது. வரும்போது உப்பிகினு வருது. உத்தரவ வாயிலயா குடுக்கறாங்க?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எத்தனை பேர், எத்தனை வெள்ளிக்கிழமை பார்த்திருக்கிறோம். நாங்கள் எல்லாரும் வயிற்றைப் பார்த்தோம். அவள் ஒருத்திதான் வாயைப் பார்த்திருக்கிறாள். வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டே, ஒரு இளநீர் சீவி வாங்கிவரச் சொன்னாள்.

எங்கள் முறை வந்தது. சாமி உத்தரவு வாங்கிக்கொண்டு வெளியே வந்து உட்கார்ந்தார். மூங்கில் குழலைக் கையில் எடுத்தார். எழில்மதி பாயில் படுக்கவில்லை. இடுப்பை மடித்துக் குனிந்து இளநீரை நீட்டினாள். குனிந்தது வலியால். கூட்டம் அதைப் பக்தி என்று எடுத்துக்கொண்டது.

"சாமி ஒரு வாய் குடிச்சிட்டு மிச்சத்த எனக்குக் குடுக்கணும். அந்த எச்சி உள்ள எறங்குனா மருந்து தானா எளகிடும்னு கனவுல வந்துச்சுங்க."

கனவு என்றதும் கூட்டம் நிமிர்ந்தது. டாக்டர் சீட்டைவிடக் கனவுக்கு எங்களிடம் மரியாதை அதிகம்.

தெய்வசிகாமணி குறுக்கே வந்தான். "மருந்து எடுத்தப்புறந்தாம்மா சாமி எளநி குடிப்பாரு."

"அப்புறம் நான் இருக்கணுமேங்க."

அவன் விரதம் என்று இழுத்தான். அவனை அடக்கியது வேறு யாரும் இல்லை, என் மாமியார்தான். மகளின் பக்தியைப் பார்த்து அவளுக்குக் கண் கலங்கியிருந்தது.

"பேசாத விரதந்தானேய்யா. எளநிக்கு இன்னா விரதம்? இப்பதான் ஒண்ணு குடிச்சாரு, நானே பாத்தன்."

எச்சில் இளநீரில் மருந்து இளகும் என்ற செய்தி அதற்குள் ரோடு வரை போய்விட்டது. எங்களுக்கும், எங்களுக்கும் என்று ஆளுக்கொரு இளநீரைத் தூக்கிக்கொண்டு முன்னால் நெருக்கினார்கள். சாமி தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். பின்னால் பூஜை அறைக் கதவைப் பார்த்தார். கதவுக்கும் அவருக்கும் நடுவே அறுபது பக்தர்கள் நின்றார்கள். தெய்வசிகாமணிக்கு மொழிபெயர்ப்பு வரவில்லை. என் மாமியாருக்கு வந்தது. "சரின்றாரு" என்றாள். குழந்தைக்குச் சங்கில் மருந்து புகட்டுவதுபோலச் சாமியின் பிடரியைப் பிடித்து, இளநீரை வாயில் சாய்த்தாள்.

தண்ணீர் உள்ளே போனது. அதனோடு உத்தரவும் போனது.

சாமியின் கண் பிதுங்கியது. இந்தத் தடவை நிஜமாகவே பிதுங்கியது. தொண்டையைப் பிடித்துக்கொண்டு பாயில் உருண்டார். பிறகு, பக்தர்கள் காலமெல்லாம் கேட்கத் தவமிருந்த அந்தத் திருவாய் திறந்தது.

"நூத்தியெட்டு..."

நாலைந்து பேர் அவரை நூற்றெட்டு முறை சுற்றக் கிளம்பிவிட்டார்கள்.

"ஆம்புலன்ஸுடா, மடப்பசங்களா."

சாமிக்கே யாரோ மருந்து வைத்துவிட்டார்கள் என்று ஒரு குரல் வந்தது. அது சரிதான் என்று கூட்டத்துக்குப் பட்டது. என் மாமியார் சட்டென்று குழலை எடுத்தாள். காலனிக் குழலைச் சாமிக்கு வைக்கலாமா என்று ஒரு தகராறு எழுந்து, பித்தளையே வைப்பது என்று முடிவாயிற்று. அவள் அதைச் சாமியின் வயிற்றில் வைத்து வாயைக் கொண்டுபோனாள். சாமி குழலை எட்டி உதைத்தார்.

"அத்த தூக்கிப் போடு. ஆஸ்பத்திரிக்குப் போவணும். முள்ளு சிக்கிகிச்சு."

எழில்மதி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகமெல்லாம் வேர்வை. குரல் மட்டும் தெளிவாக இருந்தது.

"எந்த முள்ளு சாமி? எங்க வயித்துல நீங்க இன்னும் குழலே வெக்கலியே. அதுக்குள்ள உங்க வாயில எப்படி வந்துச்சு?"

ராஜாங்கம் அன்றும் வந்திருந்தார். பின்னாலிருந்து அவர் மெதுவாகக் கேட்டார், "மீன் முள்ளா?" சாமி ஆமாம் என்று தலையசைத்தார். ராஜாங்கம் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. போனை எடுத்து அங்கிருந்தே மனைவியைக் கூப்பிட்டார்.

யாரோ பூஜை அறைக்குள் போனார்கள். அங்கே ஒரு சாமி படம்கூட இல்லை. பழைய ஐஸ்கிரீம் டப்பாக்கள் இருந்தன. ஒன்றில் முடிச் சுருள், ஒன்றில் முள், ஒன்றில் தோல். முறுக்கு தனியாக, நமுத்துப் போகாமல் மூடி போட்டு வைத்திருந்தது. அதைப் பார்த்துவிட்டுத் தெய்வசிகாமணியைத் தேடினார்கள். அவன் அதற்குள் மொழிபெயர்ப்பை முடித்துக்கொண்டு கிளம்பியிருந்தான்.

ஆம்புலன்ஸ் சாமிக்காகத்தான் வந்தது. அதில் வந்தவர் சாமியைப் பார்த்தார், எழில்மதியைப் பார்த்தார். சாமியால் திட்ட முடிகிறது, ஆகவே மூச்சு இருக்கிறது என்று சொல்லி, எழில்மதியை ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்தார். சாமிக்குப் பக்கத்துப் பலகை. வண்டியில் காலனிக்கு ஒன்று, ஊருக்கு ஒன்று என்று எதுவும் தனியாக இல்லை. என் மாமியார் ஏறமாட்டேன் என்று கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே சாமியே ஆஸ்பத்திரிக்குச் சீக்கிரம் ஓட்டு என்று கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். அதைப் பார்த்துவிட்டு ஏறினாள்.

எழில்மதிக்கு அன்றைக்கே ஆபரேஷன். டாக்டர் சுபஸ்ரீ என்று ஒரு சின்னப் பெண். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் வெடித்திருக்கும், இனி பயமில்லை என்று வெளியே வந்து சொன்னார். என் மாமியார் அவர் பின்னாலேயே போனாள்.

"உள்ள மசுரு எதுனா இருந்துச்சாங்க?"

"குடல்ல மசுரு எப்படிம்மா வரும்?"

மாமியார் இன்னொன்றும் கேட்டாள். "வலி திடீர்னு நின்னுபோனா அது நல்லதுதானுங்களே?"

"ஐயோ, அதான் ரொம்ப மோசம்மா. உள்ள வெடிச்சிட்டா அப்படித்தான் நிக்கும். எல்லாரும் சரியாயிடுச்சுன்னு நெனச்சிப்பாங்க."

அந்த டாக்டருக்குப் பழனியைத் தெரியாது. கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மாமியார் வராண்டாவில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பழனி போனதிலிருந்து என் கைபட்ட எதையும் அவள் வாயில் வைத்ததில்லை, தனியாகத்தான் பொங்கிக்கொள்வாள். நான் வாங்கி வைத்திருந்த இட்லிப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். என்னைப் பார்க்காமல் ஒரு இட்லியைப் பிட்டுத் தின்றாள்.

சாமியின் தொண்டையிலிருந்து முள்ளை எடுத்துவிட்டார்கள். முடி சுற்றியிருந்ததால் சிரமப்பட்டார்களாம். போலீஸ் வந்து விசாரித்தது. அடுத்த வெள்ளிக்கிழமையும் பஸ்ஸில் கொஞ்சம் கூட்டம் இருந்தது. எங்கள் நோயையெல்லாம் சாமி தன் தொண்டையில் வாங்கிக்கொண்டார் என்று அவர்களுக்கு ஒரு விளக்கம் கிடைத்திருந்தது. தெய்வசிகாமணி இப்போது வேறு ஊரில் முட்டைக்குள்ளிருந்து செப்புத் தகடு எடுக்கிறானாம். வியாபாரம் மோசமில்லை என்று கேள்வி.

அவனிடம் போகாதீர்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் கேட்கிற வழக்கம் நமக்கு ஏது? தாராளமாகப் போங்கள். படுப்பதற்கு முன்னால் ஒன்று மட்டும் கேளுங்கள்: ஐயா, உங்களுக்கு வயிறு வலித்தால் நீங்கள் எங்கே போவீர்கள்? பதில் சொல்ல அவன் யோசிக்கும்போதே எழுந்து அந்த இடத்துக்குப் போய்விடுங்கள். அவன் யோசிப்பதில் பாதியாவது நாமும் யோசித்திருந்தால், பழனி இன்று என் பக்கத்தில் உட்கார்ந்து இதைப் படித்துச் சிரித்துக்கொண்டிருப்பார்.